வாஃபிள் வரவு

ஒட்வார் இறந்த மூன்றாம் நாள்
எங்கள் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளின்
ஹேண்ட்பால் அணிக்குச் சேர்த்திருந்த
நாற்பத்தோராயிரத்து அறுநூறு குரோனர்
அவரைப் போலவே அசையாமல் கிடந்தது.

கணக்கு அவர் சொந்தப் பெயரில்.
சங்கத்தின் பதிவுத்தாள் வரும்வரை
தற்காலிகமாக என்று திறந்தது,
ஏழு வருடங்களுக்கு முன்.
தற்காலிகத்துக்கு இருக்கும் ஆயுள்
வார்டோவில் எந்த மனிதனுக்கும் இல்லை.

வங்கியில் பேசிய பெண் நல்லவள்.
முதலில் இரங்கல் சொன்னாள்,
பிறகு சட்டம் சொன்னாள்:
வாரிசு ஒப்பாமல் ஒரு குரோனர் நகராது.

வாரிசு ஒருவன்தான். சிந்த்ரே.
ட்ரோம்சோவில் கூரைத் தகடு பொருத்துகிறவன்.
தகப்பனோடு நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.
வங்கி அறிக்கைகளை அச்செடுத்து
ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.
பூட்ஸைக் கழற்றாமலே என் சமையலறையில் உட்கார்ந்தான்.
உங்களுடையது எது என்று காட்டுங்கள்,
மிச்சம் என்னுடையது, என்றான்.
நியாயம்தான்.

பச்சைப் பேனாவை எடுத்தேன்.
வீடு வீடாகக் கழிப்பறைத்தாள் மூட்டை விற்றது, பச்சை.
பெற்றோர் கட்டிய சந்தா, பச்சை.
மீன் ஆலை தந்த ஜெர்சிப் பணம்
(முதுகில் அவர்கள் பெயர், கழுத்தில் எங்கள் அரிப்பு), பச்சை.
பந்தய நாட்களில் அரங்க வாசலில் வாஃபிள் விற்ற காசு,
பச்சை, பச்சை, பச்சை.

பிப்ரவரி பதினான்கில் பேனா நின்றது.
வரவு: அறுநூற்று நாற்பது. விவரம்: வாஃபிள்.

அன்றைக்குப் புயல்.
வாட்ஸோ சாலையை மூடிவிட்டார்கள்,
எதிரணி கிளம்பவே இல்லை,
அரங்கத்தின் சாவி என் கோட்டுப் பையிலேயே இருந்தது.
வாஃபிளை யார் சுட்டார், யார் தின்றார்?

பந்தயப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன்.
நடக்காத ஆட்டங்கள், விற்காத வாஃபிள்கள்.
ஏழு வருடத்தில் பதினாறு தடவை.
ஒவ்வொரு தடவையும் மறுநாளே
பேருந்துக்கோ நடுவருக்கோ பணம் போயிருக்கிறது,
இருப்பு பூஜ்யத்தைத் தொடாமல்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்.
இந்த மனிதர்
தன் வீட்டுச் சர்க்கரையைக் கரைத்து
குடத்தில் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

போன வசந்தக் கூட்டத்தில்
ரசீதெல்லாம் எங்கே ஒட்வார் என்று
எழுந்து நின்று கேட்டவள் நான்.
தேடித் தருகிறேன் என்றார்.
காது மடல் சிவந்திருந்தது.
எனக்கு அப்போது அது வேறு விதமாகப் புரிந்தது.

சிந்த்ரே சன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பதினாறு வரிக்கும் பச்சை பூசியிருந்தால்
அவனுக்குத் தெரிந்திருக்காது.
டிராயரில் மஞ்சள் பேனா தேடினேன்.
கிடைக்காமல் போகட்டும் என்றும் தேடினேன்.
கிடைத்தது.

ஒன்பதாயிரத்து இருநூற்றெண்பது உன்னுடையது, என்றேன்.
ஏன் என்பதையும் சொன்னேன்.

வெகுநேரம் அந்த மஞ்சளைப் பார்த்தான்.
அவர் வாஃபிள் சுடுவாரா?
இல்லை, கருக்கிவிடுவார்,
இரும்பின் பக்கமே நாங்கள் அவரை விடுவதில்லை.
சிரிப்பு மாதிரி ஒன்று மூக்கு வழியாக வந்தது.

வேண்டாம், அணியே வைத்துக்கொள்ளட்டும் என்று
சொல்வான் என எதிர்பார்த்தேன்.
சொல்லவில்லை.
தன் கணக்கு எண்ணை
பையின் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுத்தான்,
ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டான்,
அவன் போன பிறகு தரையைத் துடைத்தேன்.

இப்போது கணக்கு சங்கத்தின் பெயரில்.
எதை எடுத்தாலும் இரண்டு கையெழுத்து,
என்னுடையதும் குன்வோருடையதும்.
போடுவதற்கு மட்டும்
யார் கையெழுத்தும் தேவையில்லை.

சனிக்கிழமைக்குப் புயல் எச்சரிக்கை.
மாவு கரைக்க வேண்டாம் என்று
எல்லா அம்மாக்களுக்கும் செய்தி அனுப்பினேன்.
திங்கள் பேருந்துக்கு எழுநூறு குறைகிறது.
குறையட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்,
இந்த நிமிடம் வரை.